உங்கள் போர் தண்ணீரை நீங்களே படிப்பது எப்படி

நம் வீடுகளில் தண்ணீர் இரண்டே வகைதான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணி குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. இந்தப் பிரிப்பு தப்பில்லை, நாக்கை வைத்துப் பிரித்தது, தலைமுறை தலைமுறையாக வேலைக்கு ஆகியிருக்கிறது. ஆனால் நாக்குக்குத் தெரியாத விஷயம் போர் தண்ணீரில் நிறைய. நாம் பார்க்கிற அளவுகளில் ஃபுளோரைடுக்கு ருசி கிடையாது, நைட்ரேட்டுக்கும் கிடையாது. அதே சமயம் வாயில் வைத்ததும் முகம் சுளிக்க வைக்கிற சில தண்ணீர் உடம்பை ஒன்றும் செய்யாது.

எங்கள் வீடு திருவான்மியூர்ப் பக்கம், கடற்கரைக்கு நடந்தே போகலாம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் எளிமையான சம்பவம்: குழாய்த் தண்ணீர் வராததால் போர் தண்ணீரில் பருப்பு வைத்தோம், எட்டு விசில் விட்டும் வேகவில்லை. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. ஆறு வருஷமாக எங்கள் தண்ணீரையும், அக்கம்பக்கத்தார் தண்ணீரையும், ஊருக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். வேதியியல் பிளஸ் டூவோடு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு டிரம்

வீட்டில் 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இருக்கிறதா? பூமியில் உள்ள மொத்தத் தண்ணீரும் (சுமார் 138 கோடி கன கிலோமீட்டர்) அதில் அடங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 97.5 லிட்டர் உப்பு நீர். மிச்சம் இரண்டரை லிட்டர்தான் நன்னீர், அதிலும் ஒன்றே முக்கால் லிட்டர் அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் மலை உச்சிகளிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. முக்கால் லிட்டர் நிலத்தடி நீர். ஏரிகளில் இருக்கும் நன்னீர் ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. காவிரி, கங்கை, அமேசான் என்று உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து? நாலு சொட்டு.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. அந்த முக்கால் லிட்டரில்தான் உங்கள் போர் குழாய் இறங்கியிருக்கிறது. ஏரி, ஆறு எல்லாவற்றையும் விட நூறு மடங்கு பெரிய இருப்பு அது, ஆனால் பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் வருஷக்கணக்கில், சில இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில், உட்கார்ந்திருக்கிற தண்ணீர். உட்கார்ந்த இடத்தில் உள்ளதையெல்லாம் கரைத்துக்கொள்ளும்.

ஏன் கரைக்கிறது என்று கேட்டால், தண்ணீரின் உருவம் அப்படி. ஒரு ஆக்சிஜன் தலை, அதில் 104.5 டிகிரி கோணத்தில் இரண்டு ஹைட்ரஜன் காதுகள். காதுப் பக்கம் கொஞ்சம் நேர்மின், தலைப் பக்கம் கொஞ்சம் எதிர்மின். உப்புக் கல்லைப் போட்டால் சோடியத்தைத் தலைப்பக்கமும் குளோரைடைக் காதுப்பக்கமும் பிடித்துப் பிரித்து இழுத்துக்கொண்டு போய்விடும். இதுபோக மழைத் தண்ணீர் வானத்திலிருந்து இறங்கும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மிக மிக நீர்த்த கோலி சோடா என்று சொல்லலாம், பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு) 5.6 வாக்கில் இருக்கும். மண்ணுக்குள் போனால் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற மூச்சில் அந்தச் சோடா இன்னும் கொஞ்சம் புளிப்பாகிறது. அந்தப் புளிப்போடு சுண்ணாம்புக் கல்லில் பட்டால் கல் கரையும், கால்சியம் பைகார்பனேட் என்ற பெயரில் தண்ணீரோடு வரும். கிரானைட்டில் பட்டால் வேறு சரக்கு வரும். ஆக உங்கள் தண்ணீரில் இருப்பது அது வந்த வழியின் கணக்கு. அதைப் படிக்கத்தான் கீழே உள்ளதெல்லாம்.

தண்ணீர் பிடிப்பது

பெரும்பாலானோர் இங்கேயே கோட்டை விடுகிறார்கள். மாடி டேங்கிலிருந்து வரும் குழாயில் பிடிக்காதீர்கள், அது டேங்கின் கதையைச் சொல்லும். மோட்டார் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டு, போர் பைப் வாயிலேயே பிடியுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, மேலே தேதி, நேரம், போர் ஆழம் எழுதுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு இது ஆகாது. அதற்கு ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது: மே மாதம் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு தடவை. ஒரே போர் அந்த இரண்டு மாதத்திலும் இரண்டு வேறு கிணறு மாதிரி இருக்கும்.

கண்ணும் மூக்கும்

ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். பிடிக்கும்போது பளிங்காக இருந்து, போகப் போக மஞ்சளாகிச் செம்பழுப்பு வண்டல் தங்கினால் இரும்பு. நிலத்தடியில் காற்று படாமல் கரைந்திருந்த இரும்பு, வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஹைட்ரஜன் சல்பைடு. பிடித்தவுடன் பால் மாதிரி வெளுத்து, ஒரு நிமிஷத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழ், கவலையை விடுங்கள்.

கலங்கலாக இருந்தால் படிகாரமோ தேற்றாங்கொட்டையோ தெளிய வைக்கும், நம் பாட்டிகள் செய்தது சரிதான். ஆனால் இரண்டும் மிதக்கும் மண்ணைத்தான் இறக்கும். கரைந்த உப்பில் ஒரு குன்றிமணி கூடக் குறையாது.

டிடிஎஸ் மீட்டர்: வாங்குங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு. அதைக் காட்ட, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பேனா மாதிரியான கருவி இது. இது உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி (0.5-லிருந்து 0.7 வரை, மீட்டருக்கு மீட்டர் வேறு) லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி மீட்டரை வைத்தால் எண் ஏறாது, ஏனென்றால் சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், எகிறும். பூச்சிமருந்து, கிருமி, மிகச் சிறிய அளவில் இருக்கிற ஆர்சனிக் எதுவும் இந்த மீட்டர் கண்ணில் படாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500, 2012) டிடிஎஸ் 500 வரை இருந்தால் ஏற்கலாம் என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2000 வரை. எங்கள் போர் அந்த 2019 மே மாதத்தில் 1500-ஐத் தொட்டது. லிட்டருக்கு ஒன்றரை கிராம்தானே என்று தோன்றும். 12,000 லிட்டர் லாரி ஒன்றை இந்தத் தண்ணீரால் நிரப்பினால் அதோடு 18 கிலோ உப்பு வந்து இறங்குகிறது.

இங்கே ஒரு வித்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் ஆர்ஓ மெஷின் (மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பைப் பிரிப்பது) விற்க ஒருவர் வந்தார். இரண்டு டம்ளர், ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்தது. ஒரு பிளக்கில் மாட்டிய நாலு கம்பிகளை இரண்டிலும் விட்டார். எங்கள் டம்ளரில் கரும்பழுப்பாகச் சேறு கிளம்பியது, அவருடையது தெளிவாக இருந்தது. "இதையா சார் குழந்தைக்குக் குடுக்குறீங்க?" என்றார். என் மனைவி முகம் வெளிறிவிட்டது. உண்மை என்னவென்றால் அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை, அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி அரிக்கும். உப்பில்லாத தண்ணீரில் ஓடாது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது வந்தால், அவருடைய சுத்தமான டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டுவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். எனக்கு இது தெரிவதற்குள் முன்பணம் கொடுத்துவிட்டேன், அது தனிக்கதை.

சோப்பு நுரைத் துளிக் கணக்கு

வீட்டிலேயே செய்யக்கூடியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும். சோப்பு முதலில் இந்த இரண்டோடும் சேர்ந்து வெள்ளைத் திரியாக வீணாகிறது (பக்கெட் ஓரத்தில் ஒட்டுமே அதேதான்), இவை தீர்ந்த பிறகுதான் நுரைக்கிறது. எனவே நுரை வர எத்தனை துளி சோப்புக் கரைசல் பிடிக்கிறது என்று எண்ணினால் கடினத்தன்மை தெரியும்.

பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்குங்கள், அல்லது மழை பெய்து பத்து நிமிஷம் கழித்து நேராகப் பிடித்த மழைநீர். குளியல் சோப்பைச் சீவி அதில் கரைத்து வையுங்கள். நிஜ சோப்பாக இருக்க வேண்டும். டிடர்ஜென்ட் தூள், ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம் ஆகாது, அவை கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. ஒரே அளவுள்ள மூன்று சின்ன பாட்டிலில் பேட்டரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் என்று அரை பாட்டில் ஊற்றி, இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு துளியாக விட்டு மூடிக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிஷம் கலையாமல் நிற்கும் வரை எத்தனை துளி? பேட்டரித் தண்ணீருக்கு இரண்டோ மூன்றோ துளி போதும். போர் தண்ணீர் உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

அப்புறம் அதே போர் தண்ணீரைப் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டித் திரும்ப எண்ணுங்கள். துளி குறைந்திருந்தால் அந்தக் குறைந்த பங்கு தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்கும்போது நடப்பது சுண்ணாம்புக் கல் கதையின் தலைகீழ்: கார்பன் டை ஆக்சைடு ஆவியோடு போய்விட, கரைந்து வந்த கல் மறுபடி கல்லாகிப் பாத்திரத்தில் ஒட்டுகிறது. ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிவது இதுவே. எலுமிச்சை, வினிகர், சிட்ரிக் ஆசிட் எதில் ஊறப்போட்டாலும் நுரைத்துக் கரையும், ராடைக் கத்தியால் சுரண்ட வேண்டியதில்லை. கொதித்தும் குறையாத பங்கு நிரந்தரக் கடினத்தன்மை, சல்பேட்டும் குளோரைடும் பிடித்துவைத்திருப்பது. பருப்பு வேகாததற்கும் கால்சியமே காரணம். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து இன்னும் இறுக்கிவிடும்.

ஆய்வக அறிக்கையைப் படிப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் தனியாருக்கும் பார்த்துத் தருவார்கள். அறிக்கை வந்ததும் சிவப்பில் இருக்கிற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எண்களுக்குள் உள்ள உறவைப் பாருங்கள்.

முதல் வேலை, அறிக்கையையே சோதிப்பது. கால்சியத்தை 2.5-ஆலும் மக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை வர வேண்டும். கால்சியம் லிட்டருக்கு 80 மில்லிகிராம், மக்னீசியம் 36 என்றால் 200-ம் 148-ம் சேர்ந்து 348. அறிக்கையில் 340, 355 என்று இருந்தால் சரி. 600 என்று இருந்தால் எங்கோ பிசகு, ஃபோன் போட்டுக் கேளுங்கள். அடுத்து காரத்தன்மை என்ற வரி, பெரும்பாலும் மேலே சொன்ன பைகார்பனேட்டின் அளவு. கடினத்தன்மை 348, காரத்தன்மை 220 என்றால், கொதிக்க வைத்து அதிகபட்சம் 220-ஐக் கழிக்கலாம், மிச்சம் 128 எத்தனை நேரம் கொதித்தாலும் போகாது. மேலே துளி எண்ணினீர்களே, அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகும்போது ஒரு சந்தோஷம் வரும், அதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் குளோரைடைப் பாருங்கள். ஏற்கத்தக்க அளவு 250, கடைசி எல்லை 1000. கடல்நீரில் அது லிட்டருக்கு 19 கிராம், அதாவது 19,000. கடல்நீரில் மக்னீசியம் கால்சியத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும், உள்நாட்டு நிலத்தடி நீரில் பெரும்பாலும் கால்சியம்தான் முன்னால் நிற்கும். ஆகவே குளோரைடு வருஷா வருஷம் ஏறிக்கொண்டு, மக்னீசியமும் கால்சியத்தைத் தாண்டினால் கடல் உள்ளே வருகிறதோ என்று சந்தேகப்படலாம். இதன் கணக்கு கொடூரமானது. கடல்நீர் நன்னீரை விட இரண்டரை சதவீதம்தான் கனம், அதனால் நன்னீர் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அது கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு உப்பு நீரை அமுக்கி வைக்கும். இறைத்து இறைத்து அந்த ஒரு மீட்டரைத் தீர்த்தால், அடியிலிருந்து உப்பு நீர் 40 மீட்டர் ஏறத் தொடங்கும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு என்பதும் இந்த அடுக்குதான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகள் இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அந்த மீஞ்சூரை ஒட்டியே 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். கடற்கரையில் தண்ணீர் உப்பானதும் இன்னும் நூறு அடி இறக்கலாம் என்கிற போர்க்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நைட்ரேட் 45-க்கு மேல் போகக் கூடாது, இதற்குச் சலுகை எல்லையே கிடையாது. கைக்குழந்தைகளுக்கு ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். அறிக்கையில் நைட்ரேட்டா, நைட்ரேட்-நைட்ரஜனா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டாவது என்றால் எல்லை 10. நகரத்தில் நைட்ரேட்டும் குளோரைடும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் பக்கத்தில் செப்டிக் டேங்க் கசிகிறது, கிராமத்தில் உரம். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும், நம் ஊர் அரை கிரவுண்ட் மனைகளில் அது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பது வேறு விஷயம்.

ஃபுளோரைடு 1.0 வரை சரி, 1.5 கடைசி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளிலிருந்து இது கரைந்து வருகிறது, பல்லில் பழுப்புக் கறை, அதிகமானால் எலும்பு வளைவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இங்கே நாக்கு நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது: கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துக் கல்லாக்கிவிடும், கால்சியம் குறைவாக, காரத்தன்மை அதிகமாக உள்ள மென்மையான தண்ணீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்திருக்கும். சோப்பு நன்றாக நுரைக்கிறது, ருசியும் பரவாயில்லை என்று நிம்மதியாகக் குடிக்கிற தண்ணீர் அது. அந்தப் பக்கத்து ஆட்கள் சோப்புச் சோதனையோடு நிறுத்தாமல் ஃபுளோரைடு தனியாகப் பாருங்கள்.

சரி, இப்போது என்ன வாங்குவது?

கடினத்தன்மை மட்டும்தான் பிரச்சினை என்றால் சாப்ட்னர் போதும். அது கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். "சாப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள், குறையாது. ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம் வருவதால் ஒரு துளி ஏறவும் செய்யலாம். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குடிக்கவும் வேண்டாம்.

குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு என்றால் சாப்ட்னரால் பலனில்லை. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், ஆனால் இந்த மூன்றையும் சுண்ட வைத்துக் கூட்டிவிடும். குடிக்க, சமைக்க மட்டும் ஆர்ஓ வையுங்கள். ஃபுளோரைடு மட்டும் என்றால் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியும் உண்டு. சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்து இறக்குகிற நல்கொண்டா முறையும் உண்டு, ஆனால் அளவு தெரியாமல் வீட்டில் முயல வேண்டாம். குழாயில் வரும் தண்ணீரின் டிடிஎஸ் 300, 400 என்று இருந்தால் ஆர்ஓவே தேவையில்லை. 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் இதைத் தடைசெய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் உத்தரவிட்டது. ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவுக் குழாயில் தள்ளுகிற மெஷின் அது. அந்தக் கழிவைப் பக்கெட்டில் பிடித்து டாய்லெட்டுக்கு ஊற்றுகிறோம்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், ஆனால் குழாய் எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அது தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பி, ஜல்லியும் மணலும் போட்ட குழியில் இறக்கி, அக்டோபருக்கு முன்னால் மொட்டை மாடியைப் பெருக்கிவிட்டோம். மீட்டர் 1500-லிருந்து நல்ல மழை வருஷத்து ஜனவரியில் 900 வரை இறங்கியது, மே மாதம் திரும்ப ஏறுகிறது. இரண்டு எண்ணையும் தேதியோடு மோட்டார் சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது.